விருந்தும் திராட்சை மதுவும் மிதந்து வரும் கப்பலில் நாம் ஏறலாமா?

பொதட்டூர்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். திருத்தணிவரை பேருந்து, அங்கிருந்து ரயில் என்று காலையில் புறப்பட்டால் பகல் உணவு வேளைக்குக் கடற்கரையில் நிற்கலாம். ஆயினும் தறிச் சத்தத்தின் நடுவே பிறந்து, தறிச் சத்தத்தின் நடுவே தலை நரைத்த இவ்வூர்ப் பெண்மணிகளில், கடலை மணலில் நின்று கண்டதன்றி அதன்மேல் ஒருநாளும் சென்றறியாதவரே மிகப் பலர். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையை நோக்கிக் காவடிகள் திரண்டு செல்வதையும், ஆகஸ்ட் இறுதியில் காவியுடுத்தி வேளாங்கண்ணிக்குப் புறப்படுவோரையும் ஆண்டுதோறும் காணும் ஊர் இது. பயணம் என்றால் இங்கே அதற்கொரு காரியம் உண்டு. நேர்த்திக்கடனோ, திருமணமோ, மருத்துவமோ, சரக்கு விற்பனையோ ஒன்றிருக்கும். உண்பதற்கும் குடிப்பதற்கும் என்றே ஒரு பயணம் உண்டென்பது இவ்வூருக்குப் புதிய செய்தி.

அந்தச் செய்தி இப்பொழுது வந்துவிட்டது. வெளிநாட்டிலும் சென்னையிலும் பணிபுரியும் பிள்ளைகளின் கைப்பேசிகளின் வழியாக வந்துவிட்டது. பெரிய வெண்கப்பல் ஒன்றின் படம். அதன்கீழ் ஏழு இரவுகள், நாளொரு நாட்டு விருந்து, புகழ்பெற்ற சமையற்கலைஞரின் செய்முறை வகுப்பு, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பொருத்தமான திராட்சை மது என்று ஆசை காட்டும் வரிகள். நம் பங்குகளில் இரண்டொரு குடும்பங்கள் இதுபற்றி நம்மிடம் கேட்டதுண்டு. அவற்றுள் பொதட்டூர்பேட்டைக் குடும்பம் ஒன்றின் கேள்வி நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அதைச் சொல்லுமுன் இக்கப்பல்கள் எத்தகையவை என்பதைச் சற்றே தெரிந்துகொள்வோம்.

தமிழருக்குக் கப்பல் புதிதன்று. 1926 முதல் 1973 வரை 'ரஜூலா' என்னும் கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம்மவரைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிச் சென்றது. அதன்பின் அதே வழியில் 'சிதம்பரம்' சென்றது. 1985 பிப்ரவரி 12 அன்று நடுக்கடலில் தீப்பற்றிப் பல உயிர்களைக் காவுகொண்ட பின் அந்தக் கப்பல் வழியே முடிந்துபோயிற்று. அக்கப்பல்களின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, கட்டுச்சோற்றையும் ஊறுகாயையும் நம்பிச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் இன்று விருந்துக் கப்பலின் விளம்பரம் வருகிறது. அன்று கப்பல் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஆளைச் சேர்ப்பித்தது. இன்றைய உல்லாசக் கப்பலோ பெரும்பாலும் புறப்பட்ட துறைக்கே திரும்பி வருகிறது. அதில் கப்பலே ஊர்; கப்பலே சத்திரம்; கப்பலே கடைவீதி.

சென்னைத் துறைமுகத்துக்கும் அது வந்தது. 2022 ஜூன் 4 அன்று 'எம்ப்ரஸ்' என்னும் உல்லாசக் கப்பலைத் தமிழக முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 1990இல் பிரான்சு நாட்டில் கட்டப்பட்டு, அமெரிக்க நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் உழைத்து, பின்னர் இந்திய நிறுவனத்தின் கைக்கு வந்த கப்பல் அது. நீளம் 200 மீட்டருக்கும் மேல். நடுக்கடல்வரை சென்று திரும்பும் இரண்டு இரவுப் பயணமும், விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று சுற்றிவரும் ஐந்து இரவுப் பயணமும் அறிவிக்கப்பட்டன. ஆனால் கப்பலில் சூதாட்டக் கூடம் இருந்தமையால் புதுச்சேரியில் எதிர்ப்புக் கிளம்பியது. அவ்வாண்டு அங்கே கரையிறங்க அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2023 ஜூனில், அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்குச் சென்று வந்தது. இத்தகைய கப்பல்களில் வேளாவேளை உணவு கட்டணத்தில் அடங்கும். மதுவுக்குத் தனிக் கணக்கு. இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதைப்பற்றி விரிவாகப் பேசவேண்டியிருக்கிறது.

விருந்தையும் மதுவையுமே பொருளாகக் கொண்ட பயணங்கள் மேல்நாடுகளில்தான் மிகுதி. பிரான்சின் ரோன், ஜெர்மனியின் ரைன், போர்ச்சுக்கலின் டூரோ ஆகிய ஆறுகளில் நூற்றைம்பது பேர் அளவில் ஏற்றிச் செல்லும் சிறு கப்பல்கள் உண்டு. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரே உடன்வந்து, கொடி நடுவது முதல் பீப்பாயில் அடைப்பது வரை விளக்கிக் கூறுவார். டூரோப் பள்ளத்தாக்கு 1756ஆம் ஆண்டிலேயே எல்லை வகுக்கப்பட்ட திராட்சைப் பிரதேசம். செங்குத்தான மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, கைகளால் கல் அடுக்கி, அதில் கொடி வளர்த்திருக்கிறார்கள். நமக்கு மேசையும் அலமாரியும் சாவியும் என்று சொற்களைத் தந்துபோன போர்த்துக்கீசியரின் நாடு அது. பெருங்கப்பல்களிலும் சமையலுக்கென்று தனிப் பயிற்சிக்கூடம் அமைத்தவை உண்டு. பயணி ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பு, தனிப் பலகை, தனிக் கத்தி. காலையில் துறைமுகச் சந்தைக்கு அழைத்துச் சென்று மீனும் கீரையும் வாங்கச் செய்து, மாலையில் அதைச் சமைக்கக் கற்பிக்கிறார்கள். இதில் இகழ்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு நாட்டின் அடுப்பங்கரையை அறிவது அந்நாட்டு மக்களை அறிவதேயாகும். நம் வீட்டுப் பெண்கள் நாற்பது ஆண்டுகளாகச் செய்துவரும் வேலைக்கு ஒரு கலை என்ற மதிப்பு எங்கேனும் கிடைக்குமானால், அதைக் கண்டு நாம் மகிழ்வதே முறை.

திராட்சை மதுவைக் குறித்தும் நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. கானாவூர்த் திருமணத்தில் நிரப்பப்பட்ட கற்சாடிகள் ஆறு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 முதல் 120 லிட்டர் கொள்ளும். கணக்கிட்டுப் பார்த்தால் அது சிறிய அளவன்று. விருந்தினர் முன் தலைகுனிய இருந்த ஓர் ஏழை வீட்டாரின் மானத்தைக் காத்த செயல் அது. நம் நாட்டுக்கு வந்தால், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சையைத் தமிழகத்துக்கு 1832இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்று கூறுவர். மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலத்திலும் திருப்பலிக்கான இரசத்துக்கு விலக்குண்டு. ஆகவே 'மது' என்ற சொல் காதில் விழுந்தவுடன் காதைப் பொத்திக்கொள்வது கத்தோலிக்கக் குடும்பத்துக்கு உரிய வழியன்று.

ஆனால் கானாவூர் வேறு, கல்லாப்பெட்டி வேறு.

இனி அந்தக் குடும்பத்துக்கு வருவோம். வீட்டோடு இரண்டு விசைத்தறிகள், கூலிக்கு நெய்கிறார்கள். மகன் தறியைக் கவனிக்கிறார். மகள் செவிலியர் படிப்பு முடித்து அயர்லாந்தில் பணிபுரிகிறார். வருகிற மே மாதம் பெற்றோருக்குத் திருமணமாகி 40 ஆண்டுகள் நிறைகின்றன. அதற்காக மகள், இரவுப் பணியில் சேர்த்த பணத்தைக் கொண்டு, ஏழு இரவுகள் செல்லும் விருந்து–மதுப் பயணம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முன்பணமும் கட்டிவிட்டார். தாய்க்குச் சமையலில் உள்ள ஆர்வத்தை அறிந்து செய்த ஏற்பாடு. அன்பிலிருந்து பிறந்த ஏற்பாடு. அதில் ஐயமில்லை.

தந்தையார் 16 ஆண்டுகளாகக் குடியாதவர். அதற்குமுன் குடித்தவர். எவ்வளவு குடித்தார் என்பதற்கு, பாவில் இருந்த நூலையே விற்றுக் குடித்த ஆண்டு ஒன்று அவ்வீட்டில் உண்டென்று சொன்னால் போதும். நிறுத்தியது அவரது விடாமுயற்சியும், அவர் மனைவியின் பொறுமையும், வாரந்தோறும் தவறாமல் சென்றுவந்த குடிநோயாளர் கூட்டமும். மகளுக்கு அப்பொழுது வயது பத்து. அவருக்கு நினைவில் இருப்பது பெரும்பாலும் நல்ல ஆண்டுகளே. இது தந்தைக்குக் கிடைத்த பேறு என்றுதான் சொல்லவேண்டும்.

தந்தையிடம் கேட்டபொழுது, "நான் என்ன குழந்தையா? பக்கத்தில் பாட்டில் இருந்தால் எடுத்துக் குடித்துவிடுவேனா?" என்றார். தாயாரோ ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே சென்று காபி கொண்டுவந்தார். இத்தகைய பேச்சுகளில், பேசியவரின் சொல்லைக் காட்டிலும் பேசாதவரின் மௌனத்துக்கே நாம் மிகுதியாகச் செவிகொடுக்க வேண்டும் என்பது நம் துணிபு.

"ஒயின்தானே, பிராந்தியா?" என்று மகன் நம்மிடம் கேட்டார். பலர் இப்படி நினைக்கிறார்கள். நம் மாவட்டத்திலும் எல்லைக்கு அப்பாலும் 'ஒயின் ஷாப்' என்று பேர்பெற்ற கடைகளில் விற்பது பெரும்பாலும் பிராந்தியும் விஸ்கியும் பீருமாக இருக்க, உண்மையான ஒயின் என்பது ஏதோ பழரசம் என்ற எண்ணம் நம் மக்களிடையே ஊறிவிட்டது. ஆகவே ஒரு கணக்குப் பார்ப்போம். நூற்றுக்கு 12 பங்கு சாராயம் கொண்ட திராட்சை மது, கப்பலில் ஊற்றித் தரும் ஒரு கிண்ணம் 150 மில்லி என்று கொண்டால், அதில் 14 கிராம் சாராயம் இருக்கிறது. நம்மூர்ப் பிராந்தி 30 மில்லியில் இருப்பது ஏறக்குறைய 10 கிராம். 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டர் பாட்டிலில் இருப்பது 61 கிராம். ஆக, நாலு கிண்ணம் ஒயினும் சற்றே கூடவும் அருந்தியவர் ஒரு குவார்ட்டரை முடித்தவரே. டூரோப் பக்கத்துப் போர்ட் மது இன்னும் கடுமையானது. அதில் நூற்றுக்கு 20 பங்கு வரை சாராயம் இருக்கும். குடிநோயிலிருந்து மீண்டவரின் உடல், பாட்டிலின்மேல் ஒட்டிய சீட்டைப் படித்துப் பார்த்து நடந்துகொள்வதில்லை.

இரண்டாவது, கப்பலின் அமைப்பு. சாதாரணமாக ஒரு திருமண விருந்தில் யாரோ ஒருவர் கிண்ணத்தை நீட்டினால் மறுத்துவிட்டு வெளியே வந்து காற்று வாங்கலாம். மதுவையே பொருளாகக் கொண்ட கப்பலில் காலை வகுப்பு அதைப்பற்றி, மதிய உணவு அதனோடு, மாலையில் கரையிறங்கினால் அதன் நிலவறைக்கு. வெளியே வந்தால் கடல். பெரிய அமெரிக்க நிறுவனங்கள் சில, பயணத் தொகையோடு மதுத் தொகையையும் மொத்தமாகக் கட்டிவிட்டால் வேண்டுமட்டும் அருந்தலாம் என்று ஒரு திட்டம் வைத்திருக்கின்றன. அதிலே ஓர் அறையில் ஒருவர் அத்திட்டத்தை வாங்கினால் அதே அறையில் உள்ள வயதுவந்த மற்றவரும் வாங்கியே தீரவேண்டும் என்பது சில நிறுவனங்களின் விதி. ஒரு நிறுவனம், 'வேண்டுமட்டும்' என்பதற்கு ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. அந்த வரம்பு ஒரு நாளைக்கு 15 கோப்பை! வரம்பே இதுவென்றால், வியாபாரத்தின் எதிர்பார்ப்பு என்ன என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். முன்பணமாகக் கட்டிய காசு வீணாகக்கூடாதே என்ற நம் சிக்கன புத்தியே அங்கே நமக்கு எதிராக வேலைசெய்யும். குடிக்கும் பழக்கமில்லாதவரும் கட்டியதற்காகக் குடிப்பார்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லவேண்டும், இல்லாவிடில் நியாயமாகாது. பல கப்பல்களின் அன்றாட நிகழ்ச்சி நிரலில் 'பில் டபிள்யூவின் நண்பர்கள்' என்று ஒரு வரி காணப்படும். 1935இல் அமெரிக்காவில் குடிநோயாளர் கூட்டமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரின் பெயரால், குடியை விட்டவர்கள் ஒன்றுகூட ஒதுக்கிய நேரமும் இடமும் அது. அப்படிக் கூடி, உறுதி குலையாமல் பயணம் முடித்து வருவோரும் உண்டு. ஆனால் அவர்கள் ஆங்கிலத்தில் தங்கள் உள்ளத்தைத் திறந்து பேசக்கூடியவர்கள். நம் நெசவாளப் பெரியவர் தமிழும் தெலுங்கும் அறிவார். தம் பழைய நாட்களைச் சொல்லி அழ அவருக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

இவ்விடத்தில் திருச்சபையின் வழக்கம் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். திருப்பலிக்குத் திராட்சை இரசம் இன்றியமையாதது. கலப்பற்றதாகவும் கெடாததாகவும் இருக்கவேண்டும் என்பது சட்டம். ஆயினும் குடிநோய்க்கு ஆளாகி மீண்ட குருக்கள், ஆயரின் அனுமதியுடன், நொதித்தல் தொடங்கிய நிலையிலேயே நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தலாம். 2003 ஜூலையில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், அப்பொழுது கர்தினாலாக இருந்த ராட்சிங்கர் ஆண்டகையின் கையொப்பத்துடன், இதனைச் சுற்றறிக்கையாக ஆயர் பேரவைகளுக்கு அனுப்பியது. பீடத்தில் நிற்கும் குருவானவரிடம்கூட "உமக்கு மனவுறுதி இல்லையா?" என்று திருச்சபை கேட்கவில்லை. அவருக்காக வழி விட்டது. அப்படியிருக்க, ஒரு விடுமுறை விருந்துக்காக நம் வீட்டுப் பெரியவரை ஏழு நாட்கள் சோதனைக்கு உட்படுத்துவதற்கு என்ன அவசியம்?

பொதட்டூர்பேட்டை எல்லையூர் என்பதையும் மறக்கக்கூடாது. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணிப் பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தமிழகத்தில் 1971இல் கடைகள் திறந்தன, 1974இல் மூடின, 1981இல் மீண்டும் திறந்தன. ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டத்துக் கிராமப் பெண்கள் 1992இல் சாராயக் கடைகளை எதிர்த்துக் கிளம்பியதன் பயனாக 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அதுவும் தளர்ந்தது. ஒரு பக்கம் கதவு சாத்தினால் மறுபக்கம் கூப்பிடு தூரம். இத்தகைய ஊரில் 16 ஆண்டுகள் ஒருவர் ஒதுங்கி நின்றார் என்றால் அதன் விலை என்னவென்று அவ்வூராருக்குத் தெரியும். கப்பல் நிறுவனத்துக்குத் தெரியாது.

பணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஓர் அறையில் இருவர் தங்கினால் ஆளுக்கு ஆகும் தொகை. அதன்மேல் துறைமுகக் கட்டணமும் வரியும் ஏறும். பணியாளர் சன்மானம் என்று பெரிய அமெரிக்கக் கப்பல்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இருவருக்கு ஏழு இரவுக்கு அதுவே 224 முதல் 280 டாலர். விமானக் கட்டணம், விசா, காப்பீடு, கரையில் ஊர் சுற்றிக் காட்டும் செலவு எல்லாம் வேறு. கப்பலில் மருத்துவர் உண்டு. ஆனால் அவரைப் பார்த்தால் தனிச் சீட்டு வரும். நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர்கள் நாள் முழுதும் திறந்திருக்கும் விருந்து மண்டபத்தின் அருகே ஏழு நாட்கள் இருப்பதன் பொருளை வீட்டை விட்டுப் புறப்படுமுன் தம் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். சோப்புப் போட்டுக் கைகழுவும் பழக்கத்தை அங்கே ஒரு வேளையும் விடக்கூடாது. வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோ வைரஸ் கப்பல்களில் விரைந்து பரவுவது, கையில் தடவும் திரவத்துக்கு அது அவ்வளவாக அஞ்சுவதில்லை.

மகளின் பணம்தானே, வீட்டுப் பணமா என்று சிலர் கேட்கலாம். இரவு விழித்து நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்துச் சம்பாதித்த பணம், வீட்டுப் பணத்தைவிடக் கனமானது என்றே நாம் எண்ணுகிறோம். கடன் வாங்கி, தவணை முறையில் உல்லாசப் பயணம் போவதைப் பற்றி எழுதவே நமக்கு மனமில்லை.

விருந்து மேசையில் நாம் எளிதில் காணாத ஒருவரும் உண்டு. கிண்ணத்தை நிரப்பிவிட்டுப் பின்னால் நகர்ந்து நிற்பவர். பிலிப்பைன்ஸ் நாட்டவரும் கோவாக்காரரும் கேரளத்தாரும் தமிழரும் இப்பணியில் உள்ளனர்; அவர்களுள் கத்தோலிக்கர் கணிசமானோர். ஆறு முதல் ஒன்பது மாதங்கள் வீட்டைப் பிரிந்து உழைக்கிறார்கள். பன்னாட்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி ஒரு நாளில் குறைந்தது 10 மணிநேரமும் ஒரு வாரத்தில் 77 மணிநேரமும் ஓய்வு தரவேண்டும். இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், ஒரு நாளைக்கு 14 மணிநேரம் வரை வேலை வாங்கலாம் என்று பொருள். இத்தகையோருக்காகவே 1920இல் கிளாஸ்கோ நகரில் கடலோர் திருத்தூதுப்பணி தொடங்கப்பட்டது. ஜூலை இரண்டாம் ஞாயிறைக் கடல் ஞாயிறாகக் கொண்டாடும் வழக்கமும் உண்டு. எந்தக் கப்பலில் ஏறினாலும் அவர்களுடைய பெயரைக் கேட்டு அழைத்துப் பேசுங்கள். ஊர்க்காரர் யாரேனும் அகப்பட்டால் சமையற்கட்டிலிருந்து இரசஞ்சோறு வந்தாலும் வரும்!

ஆக, எவரும் போகவே கூடாது என்பதா நம் கருத்து? அன்று. வீட்டில் எவருக்கும் மதுவால் ஊறுநேராத குடும்பம், கையிருப்பில் பணம் உள்ள குடும்பம், புதிய நாடுகளையும் உணவையும் காணவேண்டும் என்ற ஆர்வம் உள்ள குடும்பம் தாராளமாகப் போய்வரலாம். மது அருந்தாமலே சமையல் வகுப்புகளில் மட்டும் கலந்துகொள்ளவும் இடமுண்டு. எனினும் ஐரோப்பிய உலக சுகாதார நிறுவனக் கிளை 2023 ஜனவரியில், உடல்நலத்துக்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு மது எதுவுமில்லை என்று அறிவித்ததை இளைஞர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்; 'இதயத்துக்கு நல்லது' என்று கப்பலில் யாரேனும் சொன்னால் பயன்படும். முன்பணம் கட்டுமுன் மதுத்திட்டம் கட்டாயமா, பயணத்தை ரத்து செய்தால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும்; கடைசி வாரங்களில் ஒன்றும் திரும்பாது.

பொதட்டூர்பேட்டைக் குடும்பத்தில் பேச்சு மூன்று ஞாயிறுகள் நீடித்தது. மகளுக்கு முதலில் வருத்தம். தன் அன்பளிப்பில் குற்றம் காண்கிறார்களே என்று தொலைபேசியில் அழுதாராம். இரண்டாம் ஞாயிறன்று தந்தையாரே, "நீயும் பிள்ளையும் போய்வாருங்கள், நான் தறியைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று மனைவியிடம் கூறினார். அவர் அதுவரை பேசாதிருந்தவர் அன்றுதான் வாய் திறந்தார்: "நாற்பது வருஷம் ஆனதைக் கொண்டாட நான் மட்டும் போகவா? எனக்குக் கப்பலில் ஒரு தரம் போகணும், அவ்வளவுதாங்க. சாப்பாடு நான் ஆக்குறேனே." பிறகு சற்றுநேரம் கழித்து, யாரையும் பாராமல், "அந்த வாசனை எனக்கும் வேண்டாம்" என்றாராம். பாட்டில் அருகிலிருந்தால் தாம் என்ன செய்வோம் என்பதுபற்றித் தந்தையார் நம்பிக்கையோடு இருந்தார். அதே ஏழு இரவுகளும் அவர் மனைவி விழித்திருப்பார் என்பது அவருக்கு அன்றுதான் விளங்கிற்று.

மகளுக்கு இதைச் சொன்னவர் தந்தையார்தாம். பழைய ஆண்டுகளைப் பற்றி முதன்முறையாகத் தம் மகளிடம் விரிவாகப் பேசினார் என்று கேள்விப்பட்டோம். என்ன பேசினார் என்று நாம் கேட்கவில்லை.

கப்பலுக்குக் கட்டிய முன்பணத்தில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. குறித்த தேதிக்குள் எழுதியதன் பலன். அவர்கள் இப்பொழுது தேர்ந்திருப்பது நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குச் செல்லும் பயணிகள் கப்பல். போர்க்காலத்தில் நின்றுபோன கடல்வழி, ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் 2023 அக்டோபர் 14 அன்று திறக்கப்பட்டு, சின்னாட்களில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்னும் கப்பலுடன் மீண்டும் தொடர்ந்தது. கடலில் ஏறக்குறைய நான்கு மணிநேரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். மற்ற மாதங்களிலும் முன்கூட்டியே கேட்டறிந்து செல்வது நல்லது. முதலில் வேளாங்கண்ணி, கப்பலேறி யாழ்ப்பாணம், அங்கிருந்து தெற்கே மன்னார் மாவட்டத்து மடு அன்னையின் திருத்தலம் என்று மகள் வழி வகுத்திருக்கிறார். அவரும் அயர்லாந்திலிருந்து விடுப்பில் வந்து உடன் செல்கிறார். யாழ்ப்பாணத்தில் ஒடியற்கூழ் ஆக்கும் விதத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது தாயாரின் விருப்பம். ஒடியல் மா, மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானையில் கொதிக்கும் அந்தக் கூழைப்பற்றி யாரோ சொல்லக் கேட்டாராம்.

இடையில் ஒரு சிறு தடை. கடவுச்சீட்டுக்கு மனுச் செய்யப் போனால், அம்மையாருக்கு ஆதார் அட்டையில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் வீட்டில் அழைக்கும் பெயர், பங்கின் திருமணப் பதிவேட்டில் திருமுழுக்குப் பெயர். மூன்றையும் ஒன்றாக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இவ்வாறு இரண்டு மூன்று பெயர்கள் கொண்ட தாய்மார் நம் பங்குகளில் பலர் இருப்பதால், வெளிநாட்டுப் பயணம் எண்ணியிருப்போர் முன்பணம் கட்டுவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே இதைச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.